நடனமும் பெண்களின் வலுவூட்டலும்: கலைப் பரிமாற்றம் பற்றிய கட்டுரைப் பாடம்



பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை கேட்கப்பட்டால் நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் 'பெண்கள் நாட்டின் கண்கள்' என்று தொடங்குவார்கள். இரண்டாம் பந்தியில் 'ஆதிகாலந்தொட்டு' வரும். மூன்றாம் பந்தியில் 'இன்றைய நவீன யுகத்திலே' வரும். இதைப் பிழை என்று கூற முடியாது. ஆனால் அந்தக் கட்டுரையைப் பதுளையில் இருக்கும் பிள்ளையும் எழுதலாம், பருத்தித்துறையில் இருக்கும் பிள்ளையும் எழுதலாம். எழுதியவர் எதையும் பார்த்ததற்கோ படித்ததற்கோ அதில் அடையாளம் இல்லை. விடைத்தாள் திருத்துபவர் கட்டுக்கட்டாகத் திருத்துபவர். பெயரும் இடமும் ஆண்டும் உள்ள ஒரு கட்டுரை வந்தால் அவருடைய பேனை சற்று நிற்கும்.

'நடனத்தின் மூலம் பெண்கள் வலுப்பெறுதலும் பண்பாடுகளுக்கிடையிலான கலைப் பரிமாற்றமும்' என்னும் விடயத்தை இப்பாடத்தில் நோக்குவோம். தமிழ்மொழிக் கட்டுரைக்கு மட்டுமன்றி நடனம் (பரதம்), குடியுரிமைக் கல்வி ஆகிய பாடங்களுக்கும் இத்தகவல்கள் உதவும்.

1. வலுவூட்டல் என்றால் என்ன?

ஒரு கூட்டத்திற்குப் பிரமுகர் வருகிறார். பாடசாலையிலிருந்து எட்டு மாணவியர் அழைத்துச் செல்லப்படுகின்றனர். வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்று, அவர் வந்ததும் வரவேற்பு நடனம் ஆடுகின்றனர். ஒரு மென்பானப் போத்தல் கிடைக்கிறது. மறுநாள் அந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது 'பெண்களுக்குக் களம் அமைத்துக் கொடுத்தோம்' என்கின்றனர். இது வலுவூட்டலா? என்னுடைய கருத்தின்படி இல்லை.

ஒரு பெண்ணுக்குத் தான் விரும்பியதைக் கற்கும் உரிமை, அதைப் பலர் முன் வெளிப்படுத்தும் உரிமை, அதனால் வருமானமும் மதிப்பும் பெறும் நிலை, தான் எதை ஆடுவது, எங்கே ஆடுவது என்பதைத் தானே தீர்மானிக்கும் ஆற்றல் ஆகியன கிடைக்கும்போதே அவள் வலுப்பெறுகிறாள். பிறருக்குக் கற்பிக்கும் இடத்தை அடைந்தால் அந்த வலு அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது. கீழே வரும் ஒவ்வோர் எடுத்துக்காட்டையும் வாசிக்கும்போது இந்த அளவுகோலைக் கையில் வைத்திருங்கள். எல்லா எடுத்துக்காட்டுகளும் எல்லா அளவுகளையும் எட்டவில்லை என்பதை நீங்களே காண்பீர்கள்.

2. நம் தோட்டங்களில் ஆடியவர் யார்?

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து நடைபெறும். கதை உங்களுக்குத் தெரியும். சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணின் நெருப்பில் எரிந்து சாம்பலாகிறான். அவன் மனைவி ரதி புலம்புகிறாள். முடிவில் அவன் உயிர் பெறுகிறான். மன்மதன் எரிவதைவிட ரதியின் புலம்பலுக்காகவே சனங்கள் விடிய விடியக் காத்திருப்பார்கள். ஆனால் அந்த ரதி யார்? வழிவழியாக அவர் ஓர் ஆண். விரதமிருந்து, சேலை கட்டி, சடை பின்னி, வளையல் அணிந்து தோட்டத்து இளைஞர் ஒருவர் ஆடுவார். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளிலும் மரபு இதுவே. கணவனை இழந்த பெண்ணின் துயரத்தை ஆண் ஆடினார். அத்துயரைத் தம் வாழ்விலேயே அறிந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்து அழுதார்கள்.

(ரதி வேடம் கட்டும் அண்ணன்மாரைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. இரவு முழுவதும் அப்படி ஆடிவிட்டுக் காலையில் பிரட்டுக்குப் போவது எளிதான காரியமன்று.)

பெண்களுக்கு ஆடலே இருக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டினார்கள், கோலாட்டம் ஆடினார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களிடமே இருந்தன. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளையின் பணியை இவ்விடத்தில் குறிப்பிடலாம். ஆயினும் பெண்களின் ஆடல் கோயில் முற்றத்தோடும் வீட்டு வாசலோடும் நின்றது. கூத்துக் களம் ஆண்களிடம் இருந்தது. தப்பு இசைக்கருவியும் அவ்வாறே. அதிலும் தப்பு அடிப்பது ஒரு குறிப்பிட்ட சாதியாரின் கடமை என ஒதுக்கப்பட்டிருந்ததால், அந்தக் குடும்பத்து ஆண்களுக்குக்கூட அது பெருமையைத் தராமல் இழிவையே தந்தது. இந்தத் தப்பைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

களத்தில் இறங்கிய ஒரு பெண்ணை நம் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவியான மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். அவருடைய பாடல்கள் 1940இல் நூலாகவும் வெளிவந்தன. அவர் நடனக் கலைஞர் அல்லர். என்றாலும் ஒரு பெண் கலையைக் கொண்டு தொழிலாளர் கூட்டத்தின் முன் நின்றார் என்பதற்கு மலையகத்திலிருந்தே எடுத்துக்காட்டுத் தேவைப்பட்டால் இவரைச் சொல்லுங்கள்.

3. கண்டிய நடனமும் வஜிராவும்

நம் அயலிலேயே இருக்கும் இன்னொரு நடனத்தைப் பாருங்கள். பதுளை முத்தியங்கன விகாரைப் பெரஹெராவில் வெள்ளித் தலையணியும் மார்பணியும் மின்ன ஆடிச் செல்வோரைக் கண்டிருப்பீர்கள். கண்டிய நடனத்தின் வேர் 'கொஹொம்பா கங்காரிய' என்னும் சடங்கில் இருக்கிறது. அதை ஆடும் உரிமை ஆண்களுக்கே இருந்தது. 'வெஸ்' எனப்படும் அந்தத் தலையணி புனிதமானது என்பதால் பெண்கள் அதை அணிவது மரபன்று.

இந்த நடனத்தைத் தொழிலாகக் கொண்டு மேடையேறிய முதற் பெண் எனப் போற்றப்படுபவர் வஜிரா சித்ரசேன. 1932இல் பிறந்தவர். இவருடைய கணவர் சித்ரசேன (1921-2005) கண்டிய நடனத்தைச் சடங்குக் களத்திலிருந்து நவீன மேடைக்குக் கொண்டுவந்தவர். வஜிரா ஆண்களின் ஆட்டத்தை அப்படியே ஆடிக்காட்டவில்லை. பெண்ணின் உடலுக்கு ஏற்ற அசைவுகளையும் ஆடையமைப்பையும் கண்டிய நடனத்துக்குள் உருவாக்கினார். பரதம் கற்போர் அறிந்த சொற்களில் கூறுவதானால், தாண்டவமாக இருந்ததற்குள் ஒரு லாஸ்யத்தைக் கண்டெடுத்தார். 1961இல் அரங்கேறிய 'கரதிய' என்னும் நாட்டிய நாடகத்தில் முதன்மைப் பெண்பாத்திரம் அவருடையது. அதன்பின் பல தலைமுறை மாணவியரைப் பயிற்றுவித்தார். 2020இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. இலங்கையின் நடனத்தை ஆடிய பெண்ணை இந்தியா கௌரவித்தது என்பதைக் கவனியுங்கள்.

இங்கே கலைப் பரிமாற்றம் எங்கே வருகிறது? 1934இல் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் தமது குழுவினருடன் இலங்கைக்கு வந்து நாட்டிய நாடகம் நடத்தினார். கொழும்பு, கண்டி மட்டுமன்றி யாழ்ப்பாணத்துக்கும் சென்றார். படித்த குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் மேடையில் கௌரவமாக ஆடுவதை அன்று நம் நாட்டவர் கண்டனர். நடனம் பெண்ணின் பெயரைக் கெடுக்கும் என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பதிலாக இருந்தது. தாகூரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. கண்டிய நடனத்தில் ஈடுபாடு கொண்டு, சாந்திநிகேதனைச் சேர்ந்த சாந்திதேவ் கோஷ் அதைக் கற்க வழிசெய்தார். பின்னர் சித்ரசேன சாந்திநிகேதன் சென்று பயின்றார். தாகூரின் 'சண்டாளிகா' கதையைக் கொண்டு 1952இல் அமைந்த 'சண்டாலி'யில் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணான பிரகிருதியாக ஆடியே வஜிரா தனி நடனக் கலைஞராக அறிமுகமானார். வங்காளத்துக் கதையை, கண்டிய அசைவுகளோடு, ஒரு சிங்களப் பெண் ஆடினார். பரிமாற்றம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

4. சதிர் பரதமானபோது பெற்றவரும் இழந்தவரும்

நடனம் பாடம் எடுப்போருக்கு இப்பகுதி முக்கியமானது. ருக்மிணிதேவி அருண்டேல் 1904இல் மதுரையில் பிறந்தார். 1920களின் இறுதியில் ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவுடன் நட்புக் கொண்டார். அவருடைய குழுவிலிருந்த ஒருவரிடம் பாலே பயின்றார். ஆனால் பாவ்லோவாவோ, உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்னும் கருத்துப்பட அவரைத் தூண்டினார். ருக்மிணிதேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் கற்று, 1935இல் அடையாறில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். பிராமணக் குடும்பத்துப் பெண் சதிர் ஆடுவதா என்று அன்று பலர் முகம் சுளித்தனர். இன்று நம் பாடசாலைகளில் பரதம் ஒரு பாடமாக இருப்பதற்கும், பெற்றோர் தயங்காமல் பிள்ளைகளை அனுப்புவதற்கும் பின்னால் அந்தத் துணிச்சலும் இருக்கிறது.

வழக்கமாகக் குறிப்புப் புத்தகங்கள் இங்கே நிறுத்திவிடும். நீங்கள் நிறுத்தாதீர்கள்.

சதிரைக் காத்து வந்தவர்கள் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் முயற்சியால் 1947இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சிறுமியர் சுரண்டப்படுவதைத் தடுக்க அச்சட்டம் அவசியமாக இருந்தது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஆடிய பெண்கள் பலர் மேடையை இழந்தனர். அதே காலத்தில் வேறு சமூகத்துப் பெண்கள் அக்கலையால் புகழ் பெற்றனர். இந்த மாற்றத்துக்குள் தலை நிமிர்ந்து நின்றவர் த. பாலசரஸ்வதி (1918-1984). வீணை தனம்மாளின் பேத்தி. 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம் கண்டார். சிருங்கார ரசத்தைக் குறைத்து நடனத்தைத் 'தூய்மைப்படுத்த' வேண்டும் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. தம் முன்னோர் ஆடியதில் அழுக்கு எதுவும் இல்லை என்பதே அவர் நிலைப்பாடு. 1960களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1973இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைத்தது. நடனக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது வியப்புக்குரியது. 1977இல் பத்மவிபூஷண் பெற்றார்.

ஆகவே 'நடனம் பெண்களை உயர்த்தியது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகராதீர்கள். எந்தப் பெண்களை உயர்த்தியது, எந்தப் பெண்களை மேடையிலிருந்து இறக்கியது என்று கேளுங்கள்.

5. இரு நாட்டுப் பெண்கள் ஒரே மேடையில்

பெங்களூருக்கு அண்மையிலுள்ள ஹெசரகட்டாவில் 1990இல் புரோதிமா கௌரி பேடி 'நிருத்யகிராமம்' என்னும் நடனக் கிராமத்தை அமைத்தார். ஒடிசா மாநிலத்து ஒடிசி நடனம் அங்கே முதன்மையாகப் பயிற்றப்படுகிறது. இக்குழுவும் இலங்கையின் சித்ரசேன நடனக் குழுவும் சேர்ந்து 2012இல் 'சம்ஹார' என்னும் படைப்பை மேடையேற்றின. பெண்களே ஆடினர். வஜிராவின் பேத்தி தாஜி டயஸ் அவர்களுள் ஒருவர். அதே ஆண்டில் நியூயோர்க்கிலும் அது ஆடப்பட்டது.

இப்படைப்பில் ஒடிசி ஆடுவோர் கண்டிய நடனக்காரராக மாறவில்லை, கண்டியத்தார் ஒடிசிக்காரராகவும் மாறவில்லை. பரதத்தில் அரைமண்டி நிலை உங்களுக்குத் தெரியும். கண்டிய நடனத்தில் அதற்கு இணையாக 'மண்டிய' உண்டு. ஒடிசியில் 'சௌக' உண்டு. மூன்றிலும் முழங்கால் வெளிப்புறமாக மடிகிறது. ஆனால் ஒடிசியில் உடல் மூன்று இடத்தில் வளையும் 'திரிபங்கி'யும் சேர்கிறது. கண்டியத்தில் கைகள் விரிந்து, கால் பலமாக நிலத்தில் பதிகிறது. ஒரே மேடையில் இவை அருகருகே வரும்போது ஒவ்வொன்றின் சிறப்பும் மற்றதனால் துலக்கமாகிறது. வகுப்பில் ஒரு தோழியை அரைமண்டியிலும் இன்னொருத்தியை மண்டியவிலும் நிறுத்திப் பாருங்கள், உடனே விளங்கும்.

அந்த மேடையில் ஆடிய இன்னொருவர் பவித்ரா ரெட்டி. நிருத்யகிராமம் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நடனம் கற்பிக்கத் தொடங்கியபோது 1990இல் மாணவியாக வந்து சேர்ந்தவர். கிராமத்திலிருந்து வந்த பிள்ளை அக்குழுவின் முன்னணிக் கலைஞராகி உலக மேடைகளில் ஆடினார். அதற்கு வேண்டியிருந்தவை நடந்து போகும் தூரத்தில் ஓர் ஆசிரியர், தொடர்ச்சியான பயிற்சி, வீட்டாரின் சம்மதம் ஆகியன. லயத்தில் இருந்து இதை வாசிக்கும் மாணவி இந்த மூன்றையும் தன் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

6. பறையை எடுத்த பெண்கள்

தப்பைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்றேன். நம் தோட்டத்துத் தப்பும் தமிழ்நாட்டுப் பறையும் ஒரே குடும்பம். நம் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து வந்தபோது அதையும் சுமந்தே வந்தார்கள். தமிழ்நாட்டில் திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா வழிநடத்திய 'சக்தி' என்னும் நாட்டுப்புறக் கலைக்குழு தலித் சமூகத்து இளம்பெண்களுக்குப் பறையாட்டம் கற்பித்தது. பள்ளியை இடையில் விட்ட பெண்களே அதில் பலர். ஆட்டத்தோடு தையல் போன்ற தொழிற்பயிற்சியும் அங்கே கொடுக்கப்பட்டது. சாதியின் பெயரால் இழிவாகக் கருதப்பட்டதும், பெண் தொடக்கூடாது எனப்பட்டதுமான ஒரு கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பெண்கள் மேடையில் அடித்து ஆடினர். சோயி ஷெரினியன் என்னும் அமெரிக்க இசை ஆய்வாளர் தாமே பறை கற்று, இப்பெண்களைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார். பேராசிரியை ஒருவர் இப்பெண்களின் கலையைக் கற்க வந்தார் என்பதே இதில் பெரிய செய்தி. பரதத்தைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவோர் பாதி வினாவுக்கே விடை எழுதுகின்றனர்.

7. ஊவாவில் என்ன நிலை?

பரிமாற்றத்தைத் தேடி நாம் பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. கதிர்காமம் ஊவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்திலேயே உள்ளது. ஆடித் திருவிழாக் காலத்தில் தமிழரும் சிங்களவரும் அங்கே காவடி எடுக்கின்றனர். பெண்களும் ஆடுகின்றனர். ஒரு காவடியை அடுத்த காவடி பார்த்து ஆடும்போது எந்த மொழி என்று யாரும் கேட்பதில்லை.

பாடசாலையில் நிலைமை வேறு. எல்லாத் தோட்டப் பாடசாலைகளிலும் நடன ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருக்கும் நகரப் பாடசாலைக்கு வர பஸ் வேண்டும், பஸ் வந்தாலும் மாலைப் பயிற்சி முடிந்து திரும்ப இருட்டிவிடும். சலங்கை, நடன உடை, அரங்கேற்றச் செலவு ஆகியவற்றை நாட்சம்பளக் குடும்பம் தாங்குவது கடினம். பெரிய பிள்ளையானதும் 'இனி ஆட்டம் எதற்கு' என்று நிறுத்தும் வீடுகளும் உண்டு. அம்மாவைக் குறைகூறி என்ன பயன்? காலையில் கூடையோடு மலையேறி மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருபவர், மகள் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்றே நினைப்பார்.

இன்னொரு குறை நம்முடையது. பாடசாலைக் கலைவிழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதே நடனம் என்றாகிவிட்டது. பிறரிடம் வாங்குவதில் தவறில்லை, ஆனால் பரிமாற்றம் என்றால் நாமும் கொடுக்க வேண்டும். அதற்குத் தப்பின் தாளமும் கும்மியும் கூத்தின் அடவுகளும் நம்மிடம் இருக்கின்றன. பக்கத்துச் சிங்களப் பாடசாலை மாணவியர் கண்டிய அடவைக் காட்ட, நம் மாணவியர் கும்மியின் சுற்றுகளைக் காட்டலாம். இதற்குச் செலவு இல்லை. இரண்டு அதிபர்கள் சம்மதித்தால் ஒரு சனிக்கிழமை போதும்.

தொழில் பற்றியும் ஒரு குறிப்பு. நடனம் (பரதம்) பாடத்தைச் சாதாரண தரத்தில் எடுத்தோர் உயர்தரத்திலும் அதைத் தொடரலாம். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பட்டம் வழங்குகின்றன. பட்டம் பெற்றவர் ஆசிரியராகத் தம் ஊருக்குத் திரும்பி வந்தால், மேலே சொன்ன பஸ் பிரச்சினை அடுத்த பிள்ளைக்கு இல்லாமற் போகும்.

8. எழுதும்போது

எல்லா எடுத்துக்காட்டையும் ஒரே கட்டுரையில் திணிக்காதீர்கள். இரண்டு போதும், ஒன்று நம் நாட்டிலிருந்து இருக்கட்டும். 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்பதைக் 'கலாசாரச் சீரழிவு' என்பதோடு குழப்பிக்கொண்டு ஆண்டுதோறும் சிலர் தொலைக்காட்சியைத் திட்டி எழுதுகின்றனர், அது வேறு தலைப்பு. ருக்மிணிதேவி, பாலசரஸ்வதி இருவரையும் எழுதினால் அவர்கள் வேறுபட்ட இடத்தையும் எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

அ. கண்டிய நடனத்தில் பெண்களின் நுழைவுக்கு வஜிரா சித்ரசேன ஆற்றிய பங்களிப்பை விளக்குக.

ஆ. 'மேடையேறுவது மட்டும் வலுவூட்டல் ஆகாது.' இக்கூற்றை இரு எடுத்துக்காட்டுகளுடன் ஆராய்க.

இ. 'எங்கள் தோட்டத்தில் பெண்களும் ஆடலும்' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதுக.

மூன்றாம் வினாவுக்கு எந்தப் புத்தகத்திலும் விடை கிடையாது. எழுதுமுன் உங்கள் லயத்திலுள்ள வயதான பாட்டி ஒருவரிடம் மூன்று விடயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கும்மியை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்? எந்த வயதில் ஆடுவதை நிறுத்தினார்? யார் நிறுத்தச் சொன்னார்?